மூன்று வருட பாண்ட் போட்டால் விமானிகள் தங்கிவிடுவார்களா?

கேள்வி: ஐயா, டர்பனில் ஒரு சிறிய விமான நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் இருப்பவை முப்பது, ஐம்பது இருக்கை விமானங்கள். கடந்த ஒன்றரை வருடத்தில் எட்டு துணை விமானிகளும் மூன்று கேப்டன்களும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். விளம்பரம் போட்டால் இருநூறு விண்ணப்பம் வருகிறது. ஆனாலும் ஓட்ட ஆள் இல்லாமல் விமானங்களை ரத்து செய்கிறோம். பயிற்சிக்கான பாண்டை (இத்தனை காலம் வேலையில் இருக்க வேண்டும், முன்பே போனால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தை) ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடமாக்க வேண்டும், நோட்டீஸ் காலத்தையும் ஆறு மாதமாக்க வேண்டும் என்கிறார் எங்கள் இயக்குநர். இது சரிவருமா? நம் டொங்காட், சாட்ஸ்வொர்த் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தால் ஊரோடு தங்குவார்கள் என்பது என் எண்ணம். இன்னொன்று: என் தம்பி வர்ஜீனியா விமான நிலையத்தில் படித்து இப்போதுதான் சிபிஎல் என்ற வணிக விமானி உரிமம் வாங்கியிருக்கிறான். அவனை எங்கள் நிறுவனத்திலேயே சேர்க்கலாமா?
– டொங்காட் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இருநூறு விண்ணப்பம் வந்தும் விமானம் தரையில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இயக்குநரிடம் முதலில் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள். பாண்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அந்த இருநூறு பேர் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரும்பாலும் சிபிஎல் வாங்கிவிட்டு வேலை தேடி அலையும் இளைஞர்கள். நம் தென்னாப்பிரிக்காவில் அந்த உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருந்தால் போதும். அதைச் சேர்ப்பதற்குள் வீட்டை அடமானம் வைத்த அப்பா அம்மாக்கள் நம் பகுதியிலேயே இருக்கிறார்கள். உரிமம் கைக்கு வந்த பிறகுதான், 200 மணி நேரக்காரரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது புரியும். சிலர் படித்த பள்ளியிலேயே பயிற்றுநராகி மணி சேர்ப்பார்கள். சிலர் பையைத் தூக்கிக்கொண்டு போட்ஸ்வானாவில் உள்ள மௌன் ஊருக்குப் போய், ஒகவாங்கோ சுற்றுலா முகாம்களுக்கு செஸ்னா ஓட்டும் வேலை கேட்டு ஒவ்வொரு கம்பெனி வாசலாக ஏறி இறங்குவார்கள். இந்தக் கூட்டத்துக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

பஞ்சம் கேப்டன் உட்காரும் இடது பக்க இருக்கையில் இருக்கிறது. கேப்டனாக ஏடிபிஎல் என்ற உயர்நிலை விமானி உரிமம் வேண்டும், அதற்கு 1500 மணி நேரம் வேண்டும். மணி சேர்ந்தாலும் எல்லோரும் கேப்டனாகிவிடுவதில்லை. மழைக்காலச் சாயங்காலத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மேல் மேகம் இறங்கியிருக்கும்போது, இறங்குவதா, டர்பனுக்குத் திரும்புவதா என்று முடிவெடுக்கும் பக்குவம் சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்குத் தாமதமாக வரும்.

கேப்டன்களிலும் அரிதானவர் பயிற்சி கேப்டன். ஒரு துணை விமானி டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) முடித்து வந்த பிறகும் அவரை அப்படியே ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) போட முடியாது. பயணிகளை ஏற்றிக்கொண்டு போகும் சாதாரணப் பறப்புகளிலேயே பயிற்சி கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க வேண்டும். தொடக்கத்தில் சில நாள் பாதுகாப்புக்காக இன்னொரு விமானியும் பின்னால் உட்கார வேண்டியிருக்கும். உங்களிடம் இரண்டு பயிற்சி கேப்டன்கள் இருக்கிறார்கள், ஒருவர் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் பழக்க முடியும், ஒருவரைத் தேற்ற மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். தாளில் கணக்குப் போட்டால் வருடத்துக்கு எட்டுப் பேர். லீவு, சிமுலேட்டர் சோதனை, கேப்டனாக உயர்பவர்களுக்கான பயிற்சி எல்லாவற்றையும் கழித்தால் ஐந்தோ ஆறோதான் மிஞ்சும். அந்த இருவரில் ஒருவர் ராஜினாமா செய்தால் அதிலும் பாதி. அப்போது வாசலில் இருநூறு பேர் நின்றாலும் இரண்டாயிரம் பேர் நின்றாலும் ஒன்றுதான், உள்ளே விட வழி இல்லை.

எட்டு துணை விமானிகள் போனது உங்கள் கண்ணில் படுகிறது. எனக்கு அந்த மூன்று கேப்டன்கள் மேல்தான் கண். அவர்களில் பயிற்சி கேப்டன் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவர் இருந்தாலும் உங்கள் ரத்துகளுக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும்.

அடுத்து, இவர்கள் ஏன் போகிறார்கள் என்பது. சம்பளம் என்று சொல்லிவிடுவது சுலபம். முப்பது பேர் உட்காரும் ஜெட்ஸ்ட்ரீம் 41-க்கும் இரண்டு விமானிகள் வேண்டும், நூற்றெண்பது பேரை ஏற்றும் போயிங் 737-க்கும் இரண்டு விமானிகள்தான். விமானியின் சம்பளத்தை எத்தனை டிக்கெட் மேல் பரப்ப முடியும் என்று பார்த்தால், சிறிய நிறுவனம் பெரிய நிறுவனத்தோடு ஏலம் கேட்க முடியாது என்பது தெரிந்துவிடும். அதற்கு மேல் வளைகுடா நிறுவனங்கள் டாலர் கணக்கில் கூப்பிடுகின்றன. நம் ரேண்ட் இருக்கும் நிலையில் அந்தப் போட்டியை நினைத்துப் பார்ப்பதே வீண். (வெளிநாட்டு வருமானத்துக்கான வரிவிலக்குக்கு 2020 மார்ச் முதல் 12.5 லட்சம் ரேண்ட் என்று உச்சவரம்பு வந்தபோது, இனி போகமாட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். போகிறவர்கள் குடும்பத்தோடு போய் வரிக்கான வசிப்பிட நாட்டையும் மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.)

நம் நாட்டு விமானிகளுக்கு இன்னொரு காயமும் உண்டு. 2019 டிசம்பரில் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் பிசினஸ் ரெஸ்க்யூ எனப்படும், நொடியும் நிறுவனத்தைக் காப்பாற்றும் சட்ட ஏற்பாட்டுக்குள் போனது. 2020-ல் எஸ்ஏ எக்ஸ்பிரஸ் நின்றது. 2021 ஜூலையில் மேங்கோ நின்றது. 2022 ஜூனில் காமேர் கலைக்கப்பட்டது, அதோடு அதன் குலுலா விமான சேவையும் போனது. மூன்று வருடத்துக்குள் இத்தனை. இருபது வருடம் ஒரே சீருடையில் இருந்தவர் வீட்டில் உட்கார்ந்ததைப் பக்கத்து வீட்டு இளைஞன் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று உங்களிடம் துணை விமானியாக இருப்பவன் அந்த இளைஞன்தான். கம்பெனிக்கு விசுவாசமாக இரு என்று அவனிடம் சொன்னால் பணிவாகத் தலையாட்டுவான், இரவு வீட்டுக்குப் போய் தோஹாவுக்கு விண்ணப்பம் அனுப்புவான். நான் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

உங்கள் நிறுவனம் ஒரு படிக்கட்டு என்பதை இயக்குநர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மூன்று வருடத்தில் போவார் என்று தெரிந்தே எடுத்து, அந்த மூன்று வருடத்தில் அவரிடமிருந்து என்ன கிடைக்கும், அவருக்கு என்ன கொடுப்போம் என்று திட்டமிடும் நிறுவனம் ஓரளவு நிம்மதியாக ஓடும். யாரும் போகமாட்டார்கள் என்ற கற்பனையில் ரோஸ்டர் போடுகிற நிறுவனத்துக்கு ஒவ்வொரு ராஜினாமாவும் அவசர நிலைதான்.

அமெரிக்காவில் இது பெரிய அளவில் நடந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விசாரணையில் பிராந்திய விமானிகளின் குறைந்த சம்பளமும் களைப்பும் வெளியே வந்தன. நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரம் கட்டாயம், பட்டம் படித்தவர்களுக்கும் ராணுவ விமானிகளுக்கும் மட்டும் கொஞ்சம் தளர்வு. வரும் வழி குறுகியது. கோவிட் முடிந்து பெரிய நிறுவனங்கள் வேகமாக ஆள் எடுத்தபோது போகும் வழி அகலமாகத் திறந்தது. 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் 29 சிறு நகரங்களுக்கான சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்தது, காரணம் விமானி இல்லை. அதே வருடம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் சொந்தப் பிராந்திய நிறுவனங்களான என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ மூன்றிலும் சம்பளத்தை மளமளவென்று ஏற்றியது. துணை விமானிகள் வந்து குவிந்தார்கள். அதற்குப் பிறகும் கேப்டன் பற்றாக்குறை விடவில்லை. கேப்டனாவதற்கு முன் பெரும்பாலும் 1000 மணி நேரம் அங்கே துணை விமானியாகப் பறந்திருக்க வேண்டும் என்பது விதி, அந்த மணியைப் பணம் கொடுத்து ஒரே மாதத்தில் வாங்க முடியாதே.

என்வாய்க்கு அந்தப் பணத்தைக் கொடுக்கப் பின்னால் ஒரு தாய் நிறுவனம் இருந்தது என்பதையும் உங்கள் இயக்குநருக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு அது இல்லை.

சரி, பாண்ட்.

பாண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. டைப் ரேட்டிங்குக்கு நிறுவனம் பெரிய தொகை செலவழிக்கிறது. அதை வாங்கிக்கொண்டு மூன்றாம் மாதம் ஒருவர் கிளம்பினால் செலவைத் திருப்பிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கேட்கும் தொகை உண்மையான செலவாக இருக்க வேண்டும், மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வர வேண்டும். பதினோரு மாதம் வேலை செய்தவரிடமும் முழுத்தொகையைக் கேட்கும் பாண்டுகளைப் பார்த்திருக்கிறேன். 1962-ஆம் வருடத்து ஒப்பந்தத் தண்டத்தொகைச் சட்டப்படி, தண்டத்தொகை நிறுவனத்துக்கு நேர்ந்த நட்டத்துக்குப் பொருந்தாத அளவு அதிகமாக இருந்தால் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம். கடைசி மாதச் சம்பளத்திலிருந்து நிறுவனமே பிடித்துக்கொள்ளவும் முடியாது. எந்தக் கடனுக்காகப் பிடிக்கிறோம் என்று குறிப்பிட்டு ஊழியர் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும், வேலை நிபந்தனைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

ஆறு மாத நோட்டீஸில் உங்கள் இயக்குநர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி, நிறுவனம் தான் கொடுக்க வேண்டிய நோட்டீஸைவிட நீளமான நோட்டீஸை ஊழியரிடம் கேட்க முடியாது. அதாவது விமானியை ஆறு மாதம் கட்டினால் நீங்களும் ஆறு மாதம் கட்டுப்படுகிறீர்கள். நாளைக்கே ஒரு வழித்தடம் கைவிட்டுப் போய் ஆள் குறைக்க வேண்டி வந்தால், வேலையில்லாத விமானிகளுக்கு ஆறு மாதச் சம்பளம். இதை அவர் நிதி அதிகாரியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். யோசனையை அவரே திரும்பப் பெற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

அப்படியும் பிடிவாதமாக இருந்தால் இந்தியாவைக் காட்டுங்கள். அங்கே விமானப் போக்குவரத்து ஆணையமே 2017-ல் கேப்டனுக்கு ஒரு வருடம், துணை விமானிக்கு ஆறு மாதம் என்று நோட்டீஸ் காலத்தை வைத்தது. 2023-ல் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 விமானிகள் அந்தக் காலத்தை முடிக்காமலேயே போனார்கள். பறப்புகள் ரத்தாகின, நிறுவனம் டில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. ஆணையத்தின் விதியே கையில் இருந்தும் அந்தக் கதி. உங்களிடம் இருக்கப்போவது வெறும் ஒப்பந்தம்.

மனசு இல்லாமல் மாட்டிக்கொண்டிருக்கும் விமானியைப் பற்றியும் நினைத்துப் பாருங்கள். அவர் விதிப்படி மட்டும் வேலை செய்வார். ரோஸ்டரில் ஓட்டை விழுந்தால் தொலைபேசியை எடுக்கமாட்டார். புதிதாக வருகிறவரிடம் முதல் நாளே, இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டாயா என்று கேட்பார். உங்கள் இருநூறு விண்ணப்பம் குறைய ஆரம்பிப்பது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

பணம் கொடுக்க முடியாது, கட்டிப்போடவும் முடியாது, அப்புறம் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நானாக இருந்தால் ரோஸ்டரில் கை வைப்பேன். பிராந்திய விமானியின் நாள் கடினமானது. ஒரே நாளில் நான்கு, ஐந்து முறை ஏறி இறங்குவார். பாதி நேரம் தரையில் காத்திருப்பார், அந்தக் காத்திருப்பு அவருடைய பறப்புக் கணக்கில் சேராது. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்தவர் மாலை வீடு திரும்பும்போது லாக்புக்கில் நான்கு மணி நேரம்தான் ஏறியிருக்கும். இதெல்லாம் தொழிலின் இயல்பு என்று அவர் பொறுத்துக்கொள்வார். அடுத்த வாரம் எந்த நாள் தன்னுடையது என்று தெரியாமல் வாழ்வதைத்தான் பொறுக்கமாட்டார். 2025 ஜூலையில் ஃபிளைசஃபேர் விமானிகளுக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு முற்றி வேலைநிறுத்தம், கதவடைப்பு என்று போனபோது சம்பள உயர்வோடு ரோஸ்டரும் சண்டையில் இருந்தது நினைவிருக்கும். அது நம் நாட்டில் நன்றாக நடக்கும் பெரிய நிறுவனம், அங்கேயே இந்த நிலை.

ரோஸ்டரை ஒரு மாதம் முன்னதாக வெளியிடுங்கள். வெளியிட்ட பிறகு விடுப்பு நாளில் கை வைத்தால் அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள், அது வலித்தால்தான் திட்டமிடும் பிரிவு கவனமாக இருக்கும். வருடத்துக்கு இரண்டு நாள் ஒவ்வொருவரும் காரணமே சொல்லாமல் அடைத்து வைத்துக்கொள்ளலாம், அதைக் கம்பெனி எந்த நிலையிலும் தொடாது என்று ஒரு விதி கொண்டுவாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு துணை விமானி, தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிறவர், பல மாதம் முன்னாலேயே லீவு கேட்டிருந்தார். ரோஸ்டர் வந்தபோது அன்றைக்கு ஸ்டாண்ட்பை, கூப்பிட்டால் உடனே வரத் தயாராக இருக்க வேண்டிய நாள். நாள் முழுக்க யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. சம்பளம் குறைவு என்று அந்த மனிதர் ஒருநாளும் முனகியதில்லை, ஆனால் அந்த வருடம் முடிவதற்குள் போய்விட்டார். தீபாவளிக்கு இந்த நாட்டில் பொது விடுமுறை கிடையாது. ஈஸ்டர் வாரத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் நிற்க இடமிருக்காது, அதே வாரம்தான் விமானத்திலும் இடமிருக்காது. எல்லோருக்கும் எல்லா நாளும் கொடுக்க முடியாது என்பது விமானிகளுக்கும் தெரியும். கேட்டதற்கு முன்கூட்டியே பதில் வர வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள்.

பயிற்சி கேப்டன்களுக்குக் கொடுக்கும் கூடுதல் படியை எடுத்துப் பாருங்கள். பல சிறிய நிறுவனங்களில் அது பெட்ரோல் காசுக்குப் போதாது. எல்லா விமானிகளுக்கும் சம்பளம் ஏற்ற இயக்குநர் ஒத்துக்கொள்ளமாட்டார். இரண்டு மூன்று பேருக்கு நன்றாக ஏற்ற ஒத்துக்கொள்வார், வருடத்துக்கு எத்தனை பேரைப் பழக்க முடியும் என்ற அந்தக் கணக்கை நீங்கள் காட்டினால். விமானம் ரத்தான ஒவ்வொரு நாளும் எவ்வளவு போனது என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். பாண்ட் வைக்க வேண்டும் என்றால் இங்கே வேறு விதமாக வைக்கலாம்: இரண்டு வருடம் பயிற்சி கேப்டனாக இருந்தால் முடிவில் இவ்வளவு தொகை என்று. போனால் தண்டம் என்பதற்குப் பதில் இருந்தால் வெகுமதி. வக்கீல் செலவும் மிச்சம்.

கேப்டனாகும் வழியை எழுத்தில் போடுங்கள். எத்தனை மணி, எந்தச் சோதனை, வரிசை எப்படி, தோற்றால் மறு வாய்ப்பு எப்போது என்று. துணை விமானி உங்களிடம் இருப்பதற்குப் பெரிய காரணமே பெரிய நிறுவனத்தில் கிடைப்பதைவிடச் சீக்கிரம் இடது பக்கம் உட்காரலாம் என்பதுதான். அது மேலதிகாரியின் மனசுக்குள் இருக்கும் ரகசியமாக இருந்தால் அந்தக் காரணமும் போய்விடும்.

முடிந்தால் ஒரு பெரிய நிறுவனத்தோடு பேசிப் பாருங்கள். வருடத்துக்கு இத்தனை பேரை உங்களிடமிருந்து எடுக்கலாம், இத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று. அமெரிக்காவில் பிராந்திய நிறுவனத்திலிருந்து பெரிய நிறுவனத்துக்கு இப்படி ஏற்பாடாகவே போகிறார்கள். இங்கே அவர்கள் சம்மதிப்பார்களா என்பது உங்கள் இயக்குநரின் பேச்சுத் திறமை. கேட்பதில் நஷ்டமில்லை.

நம் பிள்ளைகளை எடுப்பது பற்றி. கிங் ஷாகா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் டொங்காட்டிலோ வெருலத்திலோ வீடு உள்ளவர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒவ்வொரு முறையும் வந்து போகிறவரைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தங்குவார், அது உண்மைதான். பயணக் களைப்பு குறையும், ஸ்டாண்ட்பைக்கு அரை மணியில் வந்துவிடலாம். ஆகவே உங்கள் விமானங்கள் கிளம்பும் நிலையத்துக்கு அருகே வசிப்பதை ஒரு தகுதியாக வையுங்கள், அது யாருக்கும் பொருந்தட்டும், குவாமாஷு பையனுக்கும் சாட்ஸ்வொர்த் பெண்ணுக்கும். தமிழ்ப் பிள்ளை என்பதால் தங்குவான் என்று மட்டும் நம்பி எடுக்காதீர்கள், சட்டமும் அதற்கு இடம் தராது. படிப்புக்கு வாங்கிய கடன் தலைமேல் இருக்கும்போது யார் பிள்ளையானாலும் துபாய்க்குத்தான் கணக்குப் போடுவான். அவன் அம்மாவே போகச் சொல்லுவாள்.

உங்கள் தம்பி விண்ணப்பிக்கட்டும். ஆனால் உறவு இருக்கிறது என்று நீங்கள் எழுத்தில் தெரிவித்துவிட்டு, தேர்வுக் குழுவிலிருந்தும் அவனுடைய கோப்பிலிருந்தும் முழுக்க விலகி நில்லுங்கள். விமானி அறையில் எல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு அவன் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் அக்கா தயவு என்றுதான் சொல்வார்கள். 200 மணி நேரத்தோடு நேராக உங்களிடம் வருவதைவிட ஒரு வருடம் பயிற்றுநராக இருந்துவிட்டு வந்தால் அவனுக்கும் நல்லது, உங்கள் பயிற்சி கேப்டனுக்கும் பாதி வேலை மிச்சம். இடையில் யாராவது பணம் கட்டினால் வேலை தருகிறோம் என்று அவனைக் கூப்பிட்டால், வேலை கொடுப்பதற்காக விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதை வேலை நிபந்தனைச் சட்டத்தின் 33ஏ பிரிவு தடைசெய்கிறது என்று சொல்லிவையுங்கள். உங்கள் நிறுவனத்தின் பாண்ட் தாளே அவன் கைக்கு வந்தாலும், கையெழுத்துக்கு முன் அவன் வேறொரு வக்கீலிடம் காட்டட்டும். உங்களிடம் கேட்டால் சொல்லாதீர்கள்.